ஆட முடியுமா என்று கேட்காதீர்கள்

தலையில் அடிபட்டு விழுந்து எழுந்த பன்னிரண்டு வயதுப் பையனிடம் "ஆட முடியுமா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "முடியும் சார்" என்பான். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். மூக்கில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தாலும் பதில் மாறாது. வெளியே போனால் அடுத்த ஆட்டத்தில் இடம் கிடைக்காதோ என்ற பயம், கூட ஆடுகிறவர்கள் கேலி செய்வார்களோ என்ற கூச்சம், ஓரத்தில் நின்று பார்க்கும் அப்பாவின் முகம் எல்லாம் சேர்ந்து சொல்லும் பதில் அது. அவன் உடம்பு சொல்லும் பதில் அல்ல.

சிறுவர் ஆட்டங்களுக்குப் புதிதாக நடுவராக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். கேட்ட மாத்திரத்தில் முடிவெடுக்கும் பொறுப்பு அந்தப் பிள்ளையின் தலைக்குப் போய்விடுகிறது, அதுவும் அடிபட்ட தலைக்கு. பயிற்சியாளரிடம் விடலாமா என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கு ஜெயிக்க வேண்டும். பெற்றோரில் சிலர் பதறுவார்கள், சிலர் "எழுந்திருடா" என்பார்கள். அன்றைக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான் என்று நிற்கிற பெரியவர் மைதானத்தில் நடுவர் மட்டும்தான்.

"நான் டாக்டர் இல்லையே, எனக்கு என்ன தெரியும்?" என்று உடனே ஒரு தயக்கம் வரும். நியாயமான தயக்கம். ஆனால் நடுவரிடம் யாரும் நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் நம் வேலை. திரும்ப உள்ளே விடலாமா என்று பார்ப்பது மருத்துவம் படித்தவர்கள் வேலை. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெளியே அனுப்பச் சந்தேகம் போதும். உள்ளே விடுவதற்குத்தான் படிப்பு வேண்டும்.

விதிப்புத்தகங்களும் இந்தப் போக்கில்தான் இருக்கின்றன. கால்பந்தின் ஐந்தாவது விதிப்படி, லேசான காயம் என்றால் பந்து வெளியே போகும்வரை ஆட்டம் ஓடலாம். பலமான காயம் என்றால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அந்த ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும். எது லேசு, எது பலம் என்று முடிவு செய்வதும் நடுவர்தான். ரக்பி விதி இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. மருத்துவரின் ஆலோசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருவர் தொடர்ந்து ஆடக்கூடாத அளவுக்குக் காயப்பட்டிருக்கிறார் என்று நடுவருக்குப் பட்டால் வெளியே அனுப்பலாம். குத்துச்சண்டையில் நடுவர் சண்டையை நிறுத்துவது முடிவுகளில் ஒரு வகை, அங்கே யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. மற்ற ஆட்டங்களில்தான் நாங்கள் கூச்சப்படுகிறோம். நான் பெரும்பாலும் கால்பந்துக்குத்தான் விசில் பிடிக்கிறேன். சிறுவர் ஆட்டம் என்றால் 'லேசான காயம்' என்ற பிரிவையே கிட்டத்தட்ட மறந்துவிடுவேன். ஒரு பிள்ளை கீழே கிடந்தால் விசில் ஊதிவிடுவேன். நல்ல கோல் வாய்ப்பு ஒன்று போய்விட்டது என்று அந்தப் பக்கத்துப் பயிற்சியாளர் கத்துவார். கத்தட்டும்.

தலையில் படும் அடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நடுவரின் விசில் ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய இடம் அது. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 13 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலை தரையில் மோத விழுந்தான். கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டாம் பாதியில் திரும்ப ஆட வந்தான். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு. வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டையோட்டைத் திறக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் பேசவும் நடக்கவும் மறுபடி கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின. 2009இல் அந்த மாநிலம் அவன் பெயரிலேயே லிஸ்டெட் சட்டத்தைக் கொண்டுவந்தது. மூளை அதிர்ச்சி (கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கித் தடுமாறுவது) என்று சந்தேகம் வந்தால் அந்தப் பிள்ளை அன்றைக்குத் திரும்ப ஆடக்கூடாது, பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் பிறகும் ஆடலாம் என்பது அதன் சாரம். 2014க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது.

காரணம் எளிது. முதல் அடியிலேயே மூளைக்குள் ரத்த ஓட்டத்தையும் சக்தியையும் சீராக வைத்திருக்கும் ஏற்பாடு தடுமாறிப் போகிறது. அது பழைய நிலைக்கு வர நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். அந்த இடைவெளியில் இரண்டாவது அடி விழுந்தால், அது சின்ன அடியாகவே இருந்தாலும், மூளை மளமளவென்று வீங்கிவிடலாம். அரிதாகத்தான் நடக்கிறது. ஆனால் நடந்ததாகப் பதிவானவை பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் நடந்தவை. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசை மெலிது. அதே மோதலில் அவர்கள் தலை அதிகமாகக் குலுங்குகிறது.

நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. எழுந்து நிற்பார்கள், ஓடுவார்கள், பந்தைக்கூட ஒழுங்காக உதைப்பார்கள். 2014 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமருக்கு நடந்தது இதுதான். பதினேழாவது நிமிடம்போல எதிரணி வீரரின் தோள் அவர் முகத்தில் மோதியது. முதலுதவிக்குப் பிறகு தொடர்ந்து ஆடினார். கொஞ்ச நேரம் கழித்து நடுவர் நிக்கோலா ரிட்சோலியிடம் வந்து, இது இறுதியாட்டம்தானா என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறார் என்றுதான் ரிட்சோலி முதலில் நினைத்திருக்கிறார். மறுபடியும் அதையே கேட்டதும், சக வீரர் ஷ்வைன்ஸ்டைகரிடம் விஷயத்தைச் சொன்னார். முப்பத்தொன்றாவது நிமிடத்தில் கிராமர் வெளியே அழைக்கப்பட்டார். யோசித்துப் பாருங்கள். மருத்துவர்கள், உதவியாளர்கள், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கக் கேமராக்கள், இத்தனையும் இருந்த ஒரு அணியில் விஷயம் முதலில் நடுவர் காதுக்குத்தான் வந்து சேர்ந்தது. ஏனென்றால் ஆட்டம் முழுக்க ஆட்டக்காரர்களுக்கு அருகில் இருப்பவர் அவர்தான்.

சிறுவர் ஆட்டத்தில் அந்த மருத்துவர்களும் கேமராவும் கிடையாது. நாம் பார்ப்பதுதான் எல்லாம். எனவே எதைப் பார்ப்பது என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். விழும்போது கையை ஊன்றித் தடுத்துக்கொள்ளாமல் கட்டைபோல விழுந்தானா? எழுந்திருக்க நேரம் எடுத்தானா? நிற்கும்போது கால் பின்னுகிறதா? முகம் வெறித்துப் போயிருக்கிறதா? ஃப்ரீ கிக்குக்கு எல்லோரும் ஒரு பக்கம் போக, அவன் மட்டும் வேறு பக்கம் போகிறானா? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்கிறானா? காரணமே இல்லாமல் அழுகிறானா? இவற்றில் ஒன்று இருந்தாலே போதும்.

ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றால், 'ஆம்', 'இல்லை' என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேளுங்கள். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? கடைசி கோலை யார் போட்டது? போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தீர்களா? மருத்துவம் படிக்காதவர்களுக்காகவே 2023இல் புதுப்பிக்கப்பட்ட, மூளை அதிர்ச்சியை அடையாளம் காண்பதற்கான தாளிலும் இதே மாதிரிக் கேள்விகள்தான் இருக்கின்றன. ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. தவறாகச் சொன்னால் சந்தேகம் உறுதியாகிறது. சரியாகச் சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடுவதில்லை. 2019 ஆகஸ்ட்டில் லார்ட்ஸ் டெஸ்ட்டில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. வெளியே போய்ச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறி, அன்றே திரும்ப வந்து மட்டை பிடித்தார். மறுநாள் காலைதான் அறிகுறிகள் தெரிந்தன. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் முதல் மூளை அதிர்ச்சி மாற்று ஆட்டக்காரர் அவர்தான். மருத்துவர் குழு பார்த்தும் அறிகுறி ஒரு நாள் தாமதமாக வருகிறது. விசிலை வைத்துக்கொண்டு மைதான நடுவில் நிற்கிற நாம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் "பரவாயில்லை, ஆடு" என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்புறம், சில அறிகுறிகள் வெளியே உட்கார வைத்தால் போதும் என்ற வகையில் வராது. கழுத்து வலி, வாந்தி, வலிப்பு, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, கை கால் மரத்துப் போவது, தலைவலி ஏறிக்கொண்டே போவது, நேரம் ஆக ஆகத் தூக்கக் கலக்கம் அதிகமாவது, இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். கழுத்து வலிக்கிறது என்றாலோ நினைவில்லாமல் கிடந்தாலோ அசைக்கக் கூடாது. ஹெல்மெட் இருந்தால் கழற்றக் கூடாது. இங்கேதான் நடுவருக்கு ஒரு அவசர வேலை இருக்கிறது: கூட ஆடுகிற பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவது. கூட்டாளி விழுந்தால் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவது அவர்களுக்குப் பழக்கம். பாசத்தில்தான் செய்கிறார்கள். அந்த ஒரு இழுப்பு முதுகுத்தண்டுக்குக் கேடாகிவிடலாம்.

நியூசிலாந்து ரக்பியில் நடுவர் கையில் ஒரு நீல அட்டை இருக்கிறது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அதைக் காட்டுவார். காட்டிவிட்டால் அந்த ஆட்டக்காரர் அன்றைக்குத் திரும்ப முடியாது, அதன்பிறகும் குறிப்பிட்ட நாட்கள் ஓய்வு, மருத்துவர் அனுமதி எல்லாம் உண்டு. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். சிவப்பு அட்டையோடு யாராவது பேரம் பேசுவார்களா? அதேபோல இதிலும் பேரம் கிடையாது. அட்டை இல்லாத ஆட்டங்களில் அந்த உறுதியை நம் வாயால்தான் காட்ட வேண்டியிருக்கிறது, அதுதான் கஷ்டம்.

ஏனென்றால் பயிற்சியாளர் ஓடி வருவார். "சார், சும்மா லேசா பட்டுச்சு. பையன் நல்லாத்தான் இருக்கான் பாருங்க." பையனும் பக்கத்தில் நின்று தலையாட்டுவான். விவாதம் தொடங்கிவிட்டால் நாம் தோற்றோம், ஏனென்றால் மருத்துவத்தைப் பற்றி வாதாட நம்மிடம் சரக்கு இல்லை. நான் சொல்வது ஒரே பதில்தான். "அவனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நான் சொல்லல சார். எனக்குச் சந்தேகமா இருக்கு. இன்னைக்கு அவன் ஆட வேண்டாம்." திரும்பக் கேட்டால் திரும்ப அதையே சொல்வேன், குரலை உயர்த்தாமல். "உங்ககிட்ட டாக்டர் பட்டம் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை, அதனால்தான் அவனை உள்ளே விட முடியவில்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் மாற்று ஆட்டக்காரரை அனுப்பினார்.

இதில் சங்கடமான ஒரு வகை உண்டு. பையனின் அப்பாவோ அம்மாவோ நிஜமாகவே மருத்துவராக இருப்பார். "நானே டாக்டர்தான், நான் சொல்றேன், ஆடட்டும்" என்பார். மரியாதையாகவே மறுத்துவிட வேண்டும். தலையில் அடி என்று சந்தேகம் வந்த பிள்ளை அன்றைக்கு ஆடக்கூடாது என்பது சிறுவர் விளையாட்டில் இன்று உலகம் முழுக்க ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம், அதற்கு யாருடைய கையெழுத்தும் விலக்கு ஆகாது. அதோடு, சொந்தப் பிள்ளைக்குச் சொந்தக்காரரே சான்று கொடுப்பதை நடுவர் ஏற்றுக்கொள்வதும் சரியாக இராது.

தலைக்கு அடுத்தது நெஞ்சு. இது அபூர்வம், ஆனால் வந்தால் நிமிடக் கணக்குத்தான். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமலே முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். நடுவர் ஆன்டனி டெய்லர் சில நொடிகளில் விசில் ஊதி மருத்துவக் குழுவை உள்ளே அழைத்தார். ஃபவுலும் இல்லை, மோதலும் இல்லை, தானாக விழுந்த ஒருவரை அவர் அத்தனை சீக்கிரம் கவனித்ததுதான் முக்கியம். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்வு கொடுத்து இதயத்தை மீட்டார்கள். எரிக்சன் அடுத்த வருடமே திரும்ப ஆட வந்துவிட்டார்.

யாரும் இடிக்காமல் ஒரு பிள்ளை விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் இதயம் என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும், பிறகு வேறு ஏதாவது என்று தெரிந்தால் நல்லது. ஏமாற்றக்கூடிய அறிகுறிகள் இரண்டு உண்டு. கை கால் வெட்டி இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்று காத்திருப்பார்கள். விட்டு விட்டு வாயைத் திறந்து இழுக்கும் மூச்சைப் பார்த்து, மூச்சு இருக்கிறதே என்று காத்திருப்பார்கள். இரண்டுமே இதயம் நின்றபிறகும் வரக்கூடியவை. மின்னதிர்வு தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவி) வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், மின்னதிர்வு கொடுக்கும் ஏ.இ.டி. கருவி வந்ததும் அது பேசுவதைக் கேட்டுச் செய்ய வேண்டும். இன்னொன்று, பந்து நெஞ்சில் பட்டு விழுவது. கிரிக்கெட் பந்து, ஹாக்கி பந்து, பேஸ்பால் பந்து போன்றவை இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துளியில் நெஞ்சில் பட்டால் நல்ல ஆரோக்கியமான இதயமே தாளம் தப்பி நின்றுவிடலாம். பிள்ளைகளின் நெஞ்சுக்கூடு மெல்லியது என்பதால் இது பெரும்பாலும் பதின்வயதினருக்குத்தான் வருகிறது. பந்து பட்டு இரண்டு அடி நடந்துவிட்டு விழுகிற பையனைப் பார்த்து 'மூச்சடைத்துவிட்டது, சரியாகிவிடும்' என்று நின்றுவிடக் கூடாது.

சி.பி.ஆர். கற்றுக்கொள்ளாமல் சிறுவர் ஆட்டத்துக்கு நடுவராகப் போகக் கூடாது என்பது என் கட்சி. ஆஃப்சைடு விதியைக் கற்றுக்கொள்ள ஆகிற நேரத்தைவிட இதற்கு ஆகிற நேரம் குறைவு. ஏ.இ.டி. எந்த அறையில் இருக்கிறது, அந்த அறையின் சாவி யாரிடம் என்பதை ஆட்டம் தொடங்குமுன் கேட்டுவிட வேண்டும். கருவி இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் வரவில்லை என்றால் கருவி இல்லை என்றுதான் அர்த்தம்.

வெயிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். தெரிவதில்லை. வெப்பமானியில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஆட்டத்தை நடத்துகிறார்கள். உடம்புக்கு அதைவிடப் பெரிய எதிரி காற்றிலுள்ள ஈரம், ஏனென்றால் ஈரக் காற்றில் வியர்வை உலராது, வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. விளையாட்டு அமைப்புகள் பயன்படுத்தும் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவில் ஈரத்தைக் காட்டும் வெப்பமானிக்கு 70 சதவீதமும், நேரடி வெயிலுக்கு 20 சதவீதமும், சாதாரணக் காற்று வெப்பத்துக்கு வெறும் 10 சதவீதமும் எடை கொடுத்திருப்பது அதனால்தான். 2014 உலகக் கோப்பையில் அந்த அளவு 32 டிகிரியைத் தாண்டினால் குளிர்விக்கும் இடைவேளை என்று ஏற்பாடு இருந்தது. ஃபோர்டலேசாவில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடிய ஆட்டத்தில் அது முதல்முறையாக நடைமுறைக்கு வந்தது. இப்போதைய கால்பந்து விதிகளில் தண்ணீர் இடைவேளைக்கு ஒரு நிமிடம் வரை, குளிர்விக்கும் இடைவேளைக்கு 90 நொடி முதல் 3 நிமிடம் வரை இடமிருக்கிறது. அந்த 32 டிகிரி, உச்சத்தில் இருக்கும் தொழில்முறை வீரர்களுக்கான வரம்பு. பிள்ளைகள் ஆட்டத்தில் அந்த எண் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு முன்பே இரண்டு பயிற்சியாளர்களிடமும் பேசி, ஒவ்வொரு பாதியிலும் தண்ணீருக்கு நிறுத்துவோம் என்று சொல்லிவிட்டால் யாரும் மறுப்பதில்லை.

வெப்பவாதத்தில் (ஹீட் ஸ்ட்ரோக்) உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். மைதானத்தில் நின்றுகொண்டு நாம் அதை அளக்கப் போவதில்லை. நமக்குத் தெரிவது நடத்தை. தள்ளாடுவான், உளறுவான், சில சமயம் சண்டைக்கு வருவான். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நடுவர்களுக்குக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும் ஒரு பழக்கம் உண்டு. அதுவரை அமைதியாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று எரிந்து விழுந்தால், காரணமில்லாமல் இடித்தால், நடுவரையே திட்டினால், அட்டைக்கு முன்னால் உடம்பைப் பற்றி ஒரு நொடி யோசிக்கலாம். வெயில் தலைக்கேறியிருக்கலாம். நீரிழிவு உள்ள பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், அதில் முதலில் மாறுவது பெரும்பாலும் குணம்தான். கொஞ்ச நேரம் முன்பு தலையில் அடிபட்டதை நாம் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அட்டை கொடுக்க வேண்டியிருந்தால் பிறகு கொடுத்துக்கொள்ளலாம், ஓடிவிடாது. வெப்பவாதம் என்று சந்தேகம் வந்தால், விளையாட்டு மருத்துவர்கள் சொல்வது முதலில் குளிர்வி, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்று. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை உட்கார வைப்பது, தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணிகளை மாற்றி மாற்றிப் போடுவது. நிழலில் படுக்க வைத்து விசிறினால் போதும் என்பது போதாது.

இடியைப் பற்றிப் பெரிதாக விவாதிக்க ஒன்றுமில்லை. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 நொடி என்றால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது, அது போதுமான அளவுக்கு அருகில். சத்தம் கேட்டாலே எல்லோரையும் உள்ளே அனுப்பிவிடுவது இன்னும் எளிது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. "மழைகூட வரலியே சார்" என்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம், அவர்களையும் உள்ளே போகச் சொல்லுங்கள்.

ரத்தம் வந்தால் வெளியே போய் நிறுத்தி, கட்டுப்போட்டு, சட்டையில் ரத்தம் இருந்தால் மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் பையில் இருக்கக் கூடாது, எல்லைக்கோட்டோரம் பயிற்சியாளர் கையில் இருக்க வேண்டும். இழுப்பு வந்து ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால் அவனை உட்கார வைத்து உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். நோய் விவரம் எழுதிய வளையம் கையில் போட்டிருந்தால் நகை என்று கழற்றச் சொல்லாதீர்கள். எழுத்து தெரியும்படி மேலே டேப் ஒட்டிவிடலாம். பெண் பிள்ளைகள் ஆட்டத்தில் ஒருத்தி அருகில் வந்து மெதுவாக "வெளியே போகணும் சார்" என்றால் ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுவது நல்லது.

எதிர்த் திசையில் போகிற நடுவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலுதவி வகுப்புக்குப் போய்வந்த உற்சாகத்தில், பிள்ளை விழுந்ததும் தாங்களே முட்டி போட்டு உட்கார்ந்து காலை நீட்டி மடக்கி இழுப்பார்கள், வலி மாத்திரை கொடுப்பார்கள், "தசைப்பிடிப்புதான், ஒண்ணுமில்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். இது நம் வேலை அல்ல. உயிர் போகிற நிலைமையில் வேறு யாரும் இல்லை என்றால் இறங்க வேண்டியதுதான். மற்ற நேரங்களில் பயிற்சியாளரையோ முதலுதவி செய்பவரையோ உள்ளே அழைத்துவிட்டு, இரண்டு எட்டு தள்ளி நின்று பார்ப்பதுதான் நல்லது. அங்கே நின்றால்தான் கீழே கிடப்பவனும் தெரிவான், பின்னால் அதைச் சாக்காக வைத்து அடித்துக்கொள்ளப் போகிற இரண்டு பேரும் தெரிவார்கள்.

"நடிக்கிறான் சார், நேரத்தைக் கடத்துறான்" என்ற குரலும் கேட்கும். உண்மையாகவே நடிக்கிற பிள்ளைகள் உண்டு, தொலைக்காட்சியில் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். நடிப்பு என்று தெரிந்தாலும் நிறுத்துவேன், ஏனென்றால் ஏமாந்தால் ஒரு நிமிடம் போகும், அந்த நிமிடத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். விதிப்படி ஆட்டம் மறுபடி தொடங்கியபிறகுதான் காயம்பட்டவர் உள்ளே வர முடியும் என்பதால், நடிக்கிறவனுக்கு அதுவே சின்ன தண்டனை.

ஆட்டத்துக்கு முந்தைய ஐந்து நிமிடத்தில்தான் இதில் பாதி தீர்மானமாகிறது. நான் இரண்டு பயிற்சியாளர்களையும் ஒன்றாகக் கூப்பிட்டுப் பேசுவேன், தனித்தனியாக அல்ல. முதலுதவி யார், ஆம்புலன்ஸ் உள்ளே வர எந்த வாசல், அது பூட்டியிருக்கிறதா, யாருக்காவது எனக்குத் தெரிய வேண்டிய உடம்புப் பிரச்சினை உண்டா என்று கேட்டுவிட்டு, கடைசியாக ஒன்று சொல்வேன்: "தலையில பட்டதுன்னு எனக்குச் சந்தேகம் வந்தா அந்தப் பிள்ளை இன்னைக்குத் திரும்ப ஆடாது. ரெண்டு டீமுக்கும் அதேதான்." கோல் எதுவும் விழாதபோது சொன்னால் இருவரும் தலையாட்டுவார்கள். பிறகு 1-1 என்று இருக்கும்போது வாக்குவாதம் வந்தால் நினைவுபடுத்த அந்தத் தலையாட்டல் உதவும்.

ஆட்டம் முடிந்தபிறகு நடந்ததை எழுதி, உரியவர்களிடம் சொல்வதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், நல்ல நடுவர்கள் உட்பட. கனடாவின் ஒன்டாரியோவில் 2013 மே மாதம் 17 வயது ரக்பி வீராங்கனை ஒருத்தி இறந்துபோனாள். ஒரு வாரத்துக்குள் வெவ்வேறு ஆட்டங்களில் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டிருந்தது. தலைவலி இருப்பதையும் மூளை அதிர்ச்சியாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் அவள் தோழிகளிடம் குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தாள். பெரியவர்கள் யாருக்கும் அது போய்ச் சேரவில்லை. 2018இல் அவள் பெயரில் ரோவன் சட்டம் அங்கே நிறைவேறியது.

இன்றைக்குப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பள்ளிக்கும் ஆடுகிறார்கள், கிளப்புக்கும் ஆடுகிறார்கள். சனிக்கிழமை நான் வெளியே அனுப்பிய பையன் ஞாயிற்றுக்கிழமை வேறு சட்டையில் வேறு நடுவர் முன்னால் நிற்கலாம். அவருக்கு எதுவும் தெரியாது. பையன் சொல்ல மாட்டான். அதனால் வெளியே அனுப்பினால் அன்றைக்கே எழுதிவிட வேண்டும்: எந்த நிமிடம், எப்படி விழுந்தான், நான் என்ன பார்த்தேன், யாரிடம் ஒப்படைத்தேன், என்ன சொல்லி ஒப்படைத்தேன். 'மூளை அதிர்ச்சி' என்று நோயின் பெயரை எழுத வேண்டாம், 'தள்ளாடினான், எந்தப் பக்கம் கோல் என்று தெரியவில்லை' என்று பார்த்ததை எழுதினால் போதும். போட்டியை நடத்துகிறவர்களுக்கு ஒரு பிரதி, பெற்றோரிடம் நேரில் ஒரு வார்த்தை. பெற்றோர் வரவில்லை என்றால், பயிற்சியாளர் என் முன்னாலேயே அவர்களுக்கு போன் செய்யும்வரை நான் கிளம்புவதில்லை. "நாங்க வீட்டுல போய்ச் சொல்லிக்கறோம் சார்" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, இப்போதே சொல்லிவிடுங்கள், நான் நிற்கிறேன் என்பேன்.